பரக்கும் பராக்கும்

மச்சி,

இன்று காலை உன் உம்மா ஒரு சொப்பிங் பேக்கைக் கொண்டுவந்து என் தையல் மெஷின்மேல் வைத்தார். முடிச்சை அவிழ்த்ததும் கற்பூர உருண்டை வாசம் குப்பென்று வந்தது. உன் அலுமாரியின் வாசம். உன் தங்கச்சியின் கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்களாம். அலுமாரியை நகர்த்தும்போது அடித்தட்டில், உன் கலியாணப் புடவைக்குக் கீழே கிடந்ததாம். உள்ளே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று.

“எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியா புள்ள. நீதானே அவளுக்குச் சிங்களம் படிச்சிக் குடுத்த. நீயே வெச்சிக்க” என்றார் மாமி.

மாமிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், கலியாணச் சட்டைகளுக்கு அளவு எடுத்துக்கொண்டேன், வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன். அதன் பிறகும் கொப்பியைத் தொடாமல் இரண்டு சட்டைக்குக் கை வைத்துத் தைத்தேன். லுஹருக்குப் பாங்கு சொன்னது. தொழுதுவிட்டு வந்துதான் முதல் பக்கத்தைத் திறந்தேன்.

அடிமட்டம் வைத்து நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறாய். இடது பக்கம் தமிழ், உன் குண்டுக் குண்டு எழுத்தில். “எனக்கு இந்த இடத்தில நோகுது.” “இது வந்து எத்தின மாசம்?” “பொம்பிளை டொக்டர் இல்லையா?” “எனக்கு விளங்கல்ல, இன்னொருக்காச் சொல்லுங்க.” இப்படி நாலு பக்கம். சிங்களத்துக்கு விட்ட வலது பக்கத்தில் ஒன்றுமே இல்லை. அந்தப் பக்கத்தை நான்தான் நிரப்பித் தரவேண்டும் என்று நீ விட்டிருந்தாய்.

ஞாபகம் இருக்கிறது மச்சி. இந்தக் கொப்பியை நீ என்னிடம் தந்தது, “தமிழெழுத்துல எழுதித் தாகா, நான் பாடமாக்கிக்கிறன்” என்று நின்றது, நான் இதே மெஷினில் இருந்துகொண்டு தலை நிமிராமல் “அடுத்த கிழமை பாப்பம்” என்றது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்த அடுத்த கிழமை வரவேயில்லை. ஒருநாள் நீயே வந்து சத்தம் போடாமல் கொப்பியை எடுத்துக்கொண்டு போனாய்.

ஏன் எழுதித் தரவில்லை என்று உனக்குச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன். உன் நாலு பக்கத்தில் பாதிக்கு மேல் எனக்குச் சிங்களம் தெரியாது.

ஊரெல்லாம் என்னைச் சிங்களக்காரி என்றது. வாப்பா அம்பாறையில் புடவைக்கடை வைத்திருந்த காலத்தில் பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போய் நிற்பேன். எத்தனை முழம், என்ன விலை, அதற்குக் கீழே குறைக்க ஏலாது, சாயம் போகாது. என் சிங்களத்தில் முக்கால்வாசி இதோடு முடிந்தது. ஒரு சாரனை விற்கப் போதுமான சிங்களம். தொண்ணூறில் பிரச்சினை வந்து கடையைப் பூட்டிவிட்டு வாப்பா ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அந்த அரைகுறைச் சிங்களத்தோடு நானும் வந்து சேர்ந்தேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நம்முடைய ஒழுங்கைக்குள் ஆமி செக்கிங் வந்தால் “சிங்களக்காரியக் கூப்பிடுங்க” என்பார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய் “மாத்தயா” என்று ஆரம்பிப்பேன். பாதி நாள் என் சிங்களத்தைக் கேட்டு அவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊர் என்னவோ நான் பேசி அனுப்பியதாக நினைத்தது. அப்படி இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது மச்சி. நகைநட்டு இல்லாத எனக்கு அதுதான் நகை.

அந்தக் காலத்தில் ஆளுக்கொரு பாஷை ஆசை இருந்தது. கல்முனையில் இங்கிலீஷ் வகுப்பு நடக்காத சந்தி இல்லை. சவூதிக்கும் கட்டாருக்கும் பாஸ்போட் எடுத்தவர்கள் அரபு கதைக்கப் பழக்கும் சின்னப் புத்தகத்தைப் பொக்கட்டில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். உன் புருஷன் கட்டாரிலிருந்து அனுப்பும் கசட்டில் பாதி அரபு, அதை நீ போட்டுக் காட்டி விழுந்து விழுந்து சிரிப்பாய். சிங்களம் படிக்க மட்டும் யாருக்கும் ஆசை வரவில்லை. சிங்களம் என்றால் ஆமியின் சோதனைச் சென்றியும் துவக்கும்தான் நினைவுக்கு வந்தன. நீ ஆசைப்பட்டபோது உன் கூடப்பிறந்த காக்காகூட, “உனக்கென்னத்துக்குச் சிங்களம்? ஆமியோட கதைக்கப் போறயா?” என்று கேலி செய்தார்.

அவருக்கான மறுமொழியை என்னிடம் வந்துதான் சொன்னாய். “நாம குர்ஆன் ஓதுறம், அர்த்தம் தெரியா. பரவால்ல, அல்லாஹ்வுக்கு விளங்கும். டொக்டருக்கு விளங்குமா மச்சி? என்ட நோவ நான்தானே சொல்லணும்.”

அப்படி நீ சொன்னது அம்பாறைக்குப் போய் வந்ததற்குப் பிறகு. அம்பாறையைப் பற்றித்தான் இந்த மடல். சுற்றிச் சுற்றி வருகிறேன், தெரிகிறது.

குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது என்று நீ சொன்ன அன்று மழை. கொட்டைப்பாக்கு அளவு, நோவு இல்லை. ஊர் டிஸ்பென்சரியில் இருந்த நேர்ஸ் மிஸ் தொட்டுப் பார்த்துவிட்டு அம்பாறைக்குப் போய் பெரிய டொக்டரிடம் காட்டச் சொன்னார். அங்கே எல்லாம் சிங்களம். உன் காக்கா கொழும்புக்கு லொறி ஓட்டியவர், அவருடைய சிங்களம் தண்ணீர்போல ஓடும். “காக்காவக் கூட்டிப் போய் இந்தச் சாமானச் சொல்லேலுமா? அவர் என்ட மொகத்தப் பாப்பாரா, நான் அவர்ர மொகத்தப் பாப்பனா? நீ வாகா” என்றாய். நான் வந்தேன். பொம்பிளை என்பது ஒன்றுதான் அன்று என்னிடம் இருந்த தகுதி.

பஸ்ஸில் போகும்போது மாவடிப்பள்ளிப் பக்கம் இரண்டு புறமும் வயல் பச்சையாக இருந்தது. சென்றியில் எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். நடந்துகொண்டே “நோவில்ல எண்டு எப்பிடிச் சொல்ற?” என்று கேட்டாய். “ரிதென்னே நே” என்றேன். அம்பாறை போய்ச் சேரும்வரை நீ அதை வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தாய். பக்கத்துச் சீட்டுக்காரர் நீ திக்ர் செய்கிறாய் என்று நினைத்திருப்பார்.

டொக்டர் இளம் ஆள். மரியாதையான ஆள், நேர்ஸைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் பார்த்தார். நோகிறதா என்று அவர் கேட்டதும், நான் வாய் திறக்கமுன் நீ பட்டென்று “ரிதென்னே நே டொக்டர்” என்றாய். அவருக்குச் சிரிப்பு வந்தது. உனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ சிங்களத்தில் சொன்ன முதல் வசனம் அது. நோவில்லாத கட்டிதான் பயப்பட வேண்டிய கட்டி என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

பிறகு அவர் என்னைப் பார்த்துப் பேசினார். நீளமாகப் பேசினார், வேகமாகவும் பேசினார். இடையில் இங்கிலீஷ் சொல் ஒன்று வந்தது, பயொப்சி. அது என்னவென்று எனக்குத் தெரியாது. “பலன்ன” வந்தது. பலன்ன என்றால் பார்க்க. கடைசியில் விரலை ஆட்டி ஒரு வசனத்தை இரண்டு தரம் சொன்னார்: “பரக்கு கரன்ன எபா. பரக்கு கரன்ன எபா.” கரன்ன எபா என்றால் செய்ய வேண்டாம். அது கடையில் படித்தது. பரக்கு மட்டும் தெரியாது. ஆனால் தெரிந்த சொல் மாதிரி இருந்தது. சின்ன வயதில் ரோட்டில் நின்று புதினம் பார்த்தால் உம்மா பிடரியில் தட்டி “பராக்குப் பாக்காம வா” என்பாளே, அந்தப் பராக்கு. பார்க்க, பராக்கு, வேண்டாம். மூன்றையும் நானே முடிச்சுப் போட்டேன்.

அவர் என்னிடம் கேட்டார் மச்சி. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. துண்டில் இங்கிலீஷில் எழுதி என் கையில் தந்துவிட்டு, கண்ணைப் பார்த்து “தேருனாத?” என்று கேட்டார். விளங்கிச்சா என்று கேட்டார். நேர்ஸும் என்னைப் பார்த்தாள். நீயும் என்னைப் பார்த்தாய், சிங்களக்காரியைப் பார்க்கிற பார்வை. நான் “ஓவ் டொக்டர்” என்று தலையாட்டினேன்.

வெளியே வந்து வாங்குப் பலகையில் இருந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். “என்னவாம்கா? மறைக்காமச் சொல்லு.”

“ஒண்டுமில்லயாம். அதையே பாத்துப் பாத்துப் பராக்குப் பண்ண வேணாமாம். நோவு வந்தா மட்டும் இந்தத் துண்டக் கொண்டு வரட்டாம்.”

நோவு வந்தால் என்று அவர் சொல்லவேயில்லை. துண்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காத ஓட்டையை என் சொந்தச் சரக்கால் அடைத்தேன். நீ அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி அழுதாய். பிறகு சிரித்தாய். எனக்கு சர்பத் வாங்கித் தந்தாய், வேண்டாம் என்றும் கேட்கவில்லை. “நீ இல்லாட்டி நான் ஊமதான் மச்சி” என்றாய். அந்த சர்பத்தை நான் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன்.

துண்டை நீ குர்ஆனுக்கு வைக்கும் உறைக்குள் பத்திரப்படுத்தினாய். கட்டியைப் பார்ப்பதை விட்டாய். டொக்டர் வேண்டாம் என்றாரே. ஆனால் உனக்குள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மாதமே இந்தக் கொப்பியோடு வந்து நின்றாய்.

வயல் வெட்டி, மறுபடி விதைத்து, அதுவும் கதிர் முற்றிய நேரம். துணி எடுக்க அம்பாறைக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் கொண்டக்டர் கதவைத் தட்டிக் கத்துகிறான்: “நகின்ன, நகின்ன, பரக்கு வெனவா!” ஏறுங்க ஏறுங்க என்கிறான். பரக்கு என்னவோ ஆகிறது என்கிறான். சனம் விழுந்தடித்து ஏறுகிறது. யாரும் பராக்குப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்து செருப்பைக் கழற்றாமல் வாப்பாவிடம் கேட்டேன். “வாப்பா, பரக்கு எண்டா என்ன?”

“சுணக்கம். பரக்கு வெனவா எண்டா சுணங்குது. ஏன் மகள்?”

“பஸ்ஸுல கேட்டன்.”

நடுவில் ஒரு அரவுதான், ‘ர’வை ‘ரா’ ஆக்கும் அந்த ஒற்றைக் கால்தான் வித்தியாசம். பள்ளிக்கூடத்தில் அரவை விட்டு எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பார்கள், அரைப் புள்ளி குறையும். நான் இல்லாத அரவை இட்டு வாசித்தேன். சுணங்க வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்ன மனிதனின் வசனத்தை, பார்க்கவே வேண்டாம் என்று உனக்குச் சொன்னேன். ஏழு மாதம் போயிருந்தது.

இது வரைக்கும் நடந்தது தெரியாமல் செய்த பிழை. அல்லாஹ் நாடினால் மன்னிப்பான், நீயும் மன்னிப்பாய். இனிச் சொல்லப்போவதுதான் என்னைத் தின்கிறது.

அன்றைக்கே உன் வீட்டுக்கு ஓடி வந்தேன். நீ முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றாய். வலது கையை முழுதாக உயர்த்தாமல் விளக்குமாறு பிடித்திருந்ததைக் கண்டேன். நாக்கு நுனிவரை வந்தது. “மச்சி, நான் பிழையாச் சொல்லிட்டன்” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் நீ விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பாய். நான் சொன்னதோ, “ஒருக்காப் போய்க் காட்டிட்டு வருவமா? சும்மாதான்.”

“சும்மா என்னத்துக்கு? டொக்டர்தான் பாக்க வேணாமெண்டாரே. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கட்டாரிலருந்து அவர் வாறாரு, அவரும் வந்து போகட்டும், மறுகா பாப்பம்.”

“செரி” என்றேன். செரி என்று சொன்னேன் மச்சி. பிறகும் கேட்டேன், இரண்டு தரமோ மூன்று தரமோ, எப்போதும் சும்மாதான் என்று சேர்த்துக் கேட்டேன். காரணத்தைச் சொல்லாமல் உன்னைக் கூட்டிப்போக வழி தேடினேன். சிங்களக்காரிக்குச் சிங்களம் தெரியாது என்று ஊர் சிரிக்குமே என்ற வெட்கம் ஒரு பக்கம். நீ என்னை என்ன பார்வை பார்ப்பாய் என்ற பயம் மறு பக்கம். உன் உயிரைத் தட்டின் ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் என் மானத்தை வைத்தால் மானம் கனத்தது. இன்னும் மூன்று மாதம் போனது. நோவு வந்த பிறகுதான் போனோம். நான் சொல்லிவைத்தபடியே, நோவு வந்தால்.

டொக்டர் வேறு ஆள். பழைய துண்டின் திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெட்டினார்கள். வெட்டியும் பயனில்லை என்று உன் காக்காவிடம் தனியாகச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வாட்டில் உனக்குப் பக்கத்துக் கட்டிலில் உகனைப் பக்கத்து சிங்களப் பொம்பிளை ஒருத்தி இருந்தாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நோய். பத்து நாளில் நீங்கள் இருவரும் கையைக் காட்டியும் முகத்தைக் காட்டியும் ஒரு பாஷை உண்டாக்கிவிட்டீர்கள். அவள் “தண்ணி” என்பாள், நீ “வத்துர” என்பாய். நான் பார்க்க வரும்போதெல்லாம் புதிதாக ஒரு சொல் சொல்லிக் காட்டுவாய். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை, பயமாக இருந்தது. அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஒரு சொல் வந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பஸ் சுணங்கிவிட்டது, சாப்பாடு சுணங்கிவிட்டது, மகன் வரச் சுணங்கிவிட்டது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வாயில் வருகிற சொல் அது. நான் நின்ற நேரத்தில் வரவில்லை. தப்பித்தேன் என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊர் வழக்கப்படி ஒவ்வொருவராக வந்து உன் கட்டிலடியில் இருந்து பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். “ஏதும் பிழ செய்திருந்தா பொறுத்துக்க புள்ள.” எல்லாருக்கும் பொதுவான வசனம். கேட்பவர் எதையும் விவரித்துச் சொல்லத் தேவையில்லை, கேட்டாலே போதும் என்பது வழக்கம். அந்த வழக்கத்துக்குப் பின்னால் நானும் ஒளிந்துகொண்டேன். எல்லாரையும் போல, அதே வசனத்தைச் சொன்னேன்.

நீ மற்றவர்களுக்குத் தலையை மட்டும் ஆட்டினாய். என் கையைப் பிடித்தாய். “எல்லாத்தையும் பொறுத்தன். எல்லாத்தையும் எண்டா எல்லாத்தையும்தான் மச்சி” என்றாய். மருந்தின் மயக்கத்தில் ஒன்றையே திருப்பிச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

மூன்று வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று லுஹருக்கும் அஸருக்கும் இடையில் இந்தக் கொப்பியைக் கடைசிவரை புரட்டும்வரை.

வெற்றுப் பக்கங்களைத் தாண்டி, கடைசி இரண்டு பக்கத்தில் திரும்பவும் உன் எழுத்து. வாட்டில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். எழுத்து சரிந்து சரிந்து போகிறது. இந்த முறை இரண்டு பக்கமும் நிரம்பியிருக்கிறது. வத்துர, தண்ணி. பெஹெத், மருந்து. ஹெட்ட, நாளைக்கு. அதற்குக் கீழே:

பரக்கு, சுணக்கம்.

அதற்குப் பக்கத்தில் சின்னதாக, பென்சிலால்: “மச்சிட்டச் சொல்லப்படா. அவள் தாங்கமாட்டாள்.”

கொப்பியை மூடிவிட்டு அழுதேன். சத்தமாக அழுதேன். பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்து கேட்டது, தலையிடி என்றேன். இன்னும் பொய்தான். மச்சி, நீ தெரிந்துகொண்டா என் கையைப் பிடித்தாய்? சாகக் கிடந்தவள் நீ, என் மானத்தையா மூடி வைத்தாய்? கோபித்திருக்கலாமே. ஒரு ஏச்சு ஏசியிருக்கலாமே. ஏசியிருந்தால் இன்றைக்கு எனக்கு இவ்வளவு பாரம் இருந்திராது. நீ பொறுத்துவிட்டாய், சரி. நான் சொல்லாமல் பொறுக்க வைத்தேனே, அதை யாரிடம் போய்ச் சொல்வேன்?

மாமியிடம் நாளைக்குச் சொல்வேன். நாளைக்கு என்று எழுதும்போதே கை கூசுகிறது. இல்லை, இன்றைக்கு அஸர் தொழுததும் போவேன். பெற்ற வயிற்றின் கோபம் வந்தாலும் வரட்டும், வாசலில் ஏறாதே என்றாலும் சொல்லட்டும். “நீதானே படிச்சிக் குடுத்த” என்ற அந்தச் சொல் அவர் வாயில் இன்னொரு நாள் இருக்கக் கூடாது.

போகமுன் ஒரு வேலை செய்தேன். பேனையை எடுத்து உன் முதல் பக்கத்தின் வலது பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். தெரியாததை விட்டுவிட்டேன். வாப்பாவிடம் கேட்டு எழுதலாம், கேட்க இனி வெட்கமில்லை. தெரிந்தது எது என்று தேடிக்கொண்டு வந்தபோது அந்த வரியில் கண் நின்றது. “எனக்கு விளங்கல்ல, இன்னொருக்காச் சொல்லுங்க.”

இதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை மச்சி. கடையில் முதல் நாளே வாப்பா எனக்குச் சொல்லித் தந்த வசனம் இது. “விளங்கல்லெண்டா விளங்கல்லெண்டு சொல்லணும் மகள். சீலையக் கொறச்சி வெட்டிட்டா மறுகா ஒட்டேலா” என்று சொல்லி, பத்துத் தரம் ஒப்புவிக்க வைத்தார். சாரன் விலை தெரியமுன் எனக்கு இது தெரியும். “தேருனாத?” என்று அந்த டொக்டர் கேட்டபோது என் வாய்க்குள்ளேயே இருந்தது.

மட்ட தேருனே நே. ஆயெத் கியன்ன.

உன் வரிக்கு நேரே எழுதிவிட்டேன்.